ரோம மாகாண வெண்கலக் காசுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையில் ரோமப் பேரரசர் ஹாத்ரியன் முகம் பதித்த இரண்டு வெண்கலக் காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். லத்தீன் எழுத்து உள்ளதைப் ‘பேரரசுக் காசு’ என்றும், கிரேக்க எழுத்து உள்ளதை ‘மாகாணக் காசு’ என்றும் எழுதியிருந்தது. மொழியை வைத்துத்தான் பிரிக்கிறார்களா?

பதில்: மொழி ஒரு நல்ல அடையாளம்தான், ஆனால் அதுவே முடிவு அல்ல. யார் பொறுப்பில் அச்சடித்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ரோம் நகரின் அக்கசாலையில் பேரரசு முழுவதற்குமாக அடித்தவை பேரரசுக் காசுகள். ஒரு நகர மன்றமோ, நகரங்களின் கூட்டமைப்போ, ரோமுக்கு அடங்கிய சிற்றரசரோ தம் வட்டாரப் புழக்கத்துக்கு அடித்தவை மாகாணக் காசுகள். கொரிந்து போன்ற ரோமக் குடியேற்ற நகரங்கள் லத்தீனில்தான் எழுதின. அவையும் மாகாணக் காசுகளே.

கால எல்லையாக கி.மு. 44 முதல் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்பெயின், கால் (இன்றைய பிரான்ஸ் பகுதி), ஆப்பிரிக்கா ஆகிய மேற்கு மாகாணங்களில் நகரக் காசுகள் பேரரசர் கிளாடியஸ் (கி.பி. 41–54) காலத்துக்குள் நின்றுவிட்டன. கிழக்கில் இன்னும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஓடி, கடைசியாக அலெக்சாந்திரியாவில் முடிந்தன. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித் தெய்வம், தனி அதிகாரி, தனி எடை. இந்தக் காசுகளைப் படிப்பதில் உள்ள சிரமமும் சுவையும் இதில்தான்.

கேள்வி: ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் தன்னார்வலராகப் பதிவேடு எழுதுகிறேன். பழைய சேகரிப்பு ஒன்றில் பாதி எழுத்து அழிந்த வெண்கலக் காசுகள் பல உள்ளன. பழைய உறைகளில் ‘லவோதிக்கேயா?’, ‘அந்தோனினஸ்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த வரிசையில் அடையாளம் காண வேண்டும்?

பதில்: எழுத்தைப் படிக்கத் தொடங்கும் முன்பே அளவுகளை எடுத்துவிடுங்கள். எடையை 0.01 கிராம் துல்லியத்தில் எழுதுங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில், காசு மிக அகலமாக இருக்கும் இடத்தில் எடுங்கள். அடுத்தது அச்சுத் திசை. முகப்பில் உள்ள தலை நேராக நிற்கும்படி காசை மேலும் கீழுமாக இரண்டு விரல்களால் பிடித்து, பக்கவாட்டில் திருப்புங்கள். பின்புற உருவத்தின் தலை கடிகாரத்தின் எந்த மணியைக் காட்டுகிறதோ அந்த எண்ணைப் பதியுங்கள். ஒரே நகரத்தின் காசுகள் பெரும்பாலும் 6 என்றோ 12 என்றோ ஒரு பழக்கத்தைப் பின்பற்றும். அதனால் இந்த ஒற்றை எண் பின்னால் பெரிதும் உதவும்.

ஒரே ஒரு காசின் எடையை வைத்து ‘இது இரண்டு அஸ்ஸாரியா’ (அக்கால வெண்கலக் காசின் மதிப்பு அலகு) என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். வெள்ளியைப் போல வெண்கலத்தை ஒவ்வொரு காசாக நிறுத்துச் சரிபார்க்கவில்லை. இவ்வளவு உலோகத்துக்கு இத்தனை காசு என்று மொத்தமாகக் கணக்கிட்டார்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளுக்குள்ளேயே எடை நன்றாக வேறுபடும். பல காசுகளின் சராசரிக்குத்தான் பொருள் உண்டு. இதற்கு விதிவிலக்கு, மதிப்பைக் காசிலேயே எழுதிய நகரங்கள். மூன்றாம் கோர்டியன் காலத்தில் மார்க்கியானோபோலிஸ், தோமிஸ், ஒதெஸ்ஸோஸ் ஆகிய கருங்கடல் வட்டார நகரங்களின் காசுகளில் பின்புற வெளியில் தனியாக ஓர் எப்சிலான் எழுத்து நிற்கும். கிரேக்க எண்முறையில் அது ஐந்து, அதாவது ஐந்து அஸ்ஸாரியா. முகப்பில் இருவர் எதிரெதிரே பார்க்கும் காசுகளில் இதைத் தேடுங்கள்.

அடுத்து பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் பேரரசர் முகத்தில்தான் தொடங்குவார்கள். ஆனால் நகரத்தின் பெயர் பெரும்பாலும் பின்புறத்தில் இருக்கும், ‘எஃபெசியோன்’ என்பது போல, எபேசு மக்களுடையது என்ற பொருளில். ‘ஓன்’ என்று முடியும் சொல் கண்ணில் பட்டால் அதுவே நகரப் பெயராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ‘எப்பி’ என்று தொடங்கினால் அடுத்து வருவது அதிகாரியின் பெயர். ‘நெயோகோரோன்’ இருந்தால் அந்த நகரம் பேரரசர் வழிபாட்டுக் கோயிலைக் காக்கும் உரிமை பெற்றது என்று அர்த்தம். பெரிய நகரங்கள் இதைப் பெருமையாகப் போட்டுக்கொண்டன.

எழுத்துப் படிப்பதில் தவறு பிறக்கும் இடம் ஒன்று உண்டு. அக்காலத்தில் சிக்மா பிறை வடிவில் எழுதப்பட்டது. தேய்ந்த காசில் சிக்மா, எப்சிலான், ஓமிக்ரான், தீட்டா நான்கும் வெறும் வட்டமாகவே தெரியும். விளக்கை ஒரே இடத்தில் வைக்காமல், காசின் மட்டத்துக்குச் சற்று மேலே தாழ்வாகப் பிடித்துச் சுற்றிலும் நகர்த்திப் பாருங்கள். ஒரு திசையில் மறைந்த கோடு இன்னொரு திசையில் நிழல் விழுந்து எழும்பும். தெரிந்த எழுத்தை மட்டும் எழுதி, தெரியாததற்குப் புள்ளி வையுங்கள். நூலில் உள்ள முழுப் பொறிப்பைப் பார்த்து நிரப்பிவிடுவதுதான் பழைய பதிவேடுகளின் பெரிய நோய். ஒருவர் நிரப்பியதை அடுத்தவர் கண்ணால் கண்டதாக எடுத்துக்கொள்வார், அப்படியே இல்லாத காசு ஒன்று நூலில் பிறந்துவிடும்.

இனி உங்கள் இரண்டு உறைகள். ‘அந்தோனினஸ்’ என்பது போதாது. அந்தோனினஸ் பயஸ், மார்க்கஸ் ஒளரேலியஸ், காரகல்லா, எலகபாலஸ் நால்வருக்கும் அந்தப் பெயர் உண்டு. கடைசி இருவரின் காசுப் பெயரோ ஏறக்குறைய ஒன்றேதான். அங்கே முகம், காசின் உருவாக்கம், அதிகாரியின் பெயர் மூன்றும் சேர்ந்துதான் முடிவு சொல்ல முடியும். லவோதிக்கேயா என்ற பெயரிலும் பல நகரங்கள் இருந்தன. இன்றைய துருக்கியில் உள்ள பிரிகியாவில் லைக்கஸ் ஆற்றங்கரையில் உள்ளது என்றால், கையில் கழுகும் கோலும் ஏந்தி நிற்கும் ஜூஸ் அடிக்கடி வருவார். சிரியாவின் கடற்கரை லவோதிக்கேயா என்றால், கோட்டைமுடி சூடிய நகரத் தெய்வத்தின் தலையும் ஆண்டு எண்ணும் வரலாம்.

இவ்வளவும் முடிந்த பிறகு நூல்களுக்குப் போங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் பிரான்ஸ் தேசிய நூலகமும் சேர்ந்து 1992-இல் முதல் தொகுதியை வெளியிட்ட ‘ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ்’ வரிசைதான் இன்றைக்கு அடிப்படை. இணையத்திலும் நகரம், பேரரசர், உருவம் என்று தேடலாம். அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதினால் உலகில் எவரும் உங்கள் காசை உடனே புரிந்துகொள்வார்கள். பழைய உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதற்கு அந்தக் கையெழுத்தே ஒரே சான்றாக இருக்கலாம். 1970-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்னரே சேகரிப்பில் இருந்ததைக் காட்டவும் அதுவே துணை.

கேள்வி: காசில் ஆண்டு எண் இருந்தால் அதை நேராகக் கி.பி. ஆண்டாக மாற்றிவிடலாமா?

பதில்: எந்த ஆண்டுக் கணக்கு என்று தெரிந்த பிறகுதான். சிரியாவில் ரோமத் தளபதி பாம்ப்பேயின் காலத்திலிருந்து எண்ணிய நகரங்களும் உண்டு, சீசரிலிருந்து எண்ணியவையும் உண்டு. தன்யூப் கரையின் விமினாக்கியம் நகருக்கு கி.பி. 239–240 முதலாம் ஆண்டு. அலெக்சாந்திரியாவில் பேரரசரின் ஆட்சியாண்டு போடுவார்கள், ஆனால் எகிப்தின் புத்தாண்டு ஆகஸ்டு 29-இல் தொடங்கும். பேரரசர் அதற்குச் சில வாரம் முன்பு பதவி ஏற்றாலும் அந்தச் சில வாரமே முதலாம் ஆண்டு. கால்பா கி.பி. 68 ஜூனில் பேரரசரானார், 69 ஜனவரியில் கொல்லப்பட்டார். ஏழே மாத ஆட்சி, ஆனாலும் ‘இரண்டாம் ஆண்டு’ என்று பொறித்த அவருடைய காசுகள் உள்ளன. இதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடக் கூடாது.

கேள்வி: காட்சியில் உள்ள காசின் இரு முகத்திலும் நடுவில் சிறு குழி. இன்னொன்றில் பேரரசரின் கழுத்தில் செவ்வகமாக ஏதோ குத்தியிருக்கிறது. மூன்றாவதில் எதிரெதிரே உள்ள இருவரில் ஒருவரின் முகமே சுரண்டப்பட்டிருக்கிறது. சேதமடைந்த காசுகளை ஏன் காட்சிக்கு வைக்கிறார்கள்?

பதில்: மூன்றும் மூன்று வேறு செய்திகள். நல்ல காசுகளைத்தான் தேர்ந்து வைத்திருக்கிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

நடுக்குழி, காசு பிறக்கும் முன்பே வந்தது. அச்சடிக்கும் முன் வெறும் வில்லையைச் சுழற்றி அதன் முகத்தையும் விளிம்பையும் சமன் செய்தபோது, கருவியின் முனை ஊன்றிய இடம் அது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். த்ரேஸ், மோசியா (இன்றைய பல்கேரியா வட்டாரம்), ஆசியா மைனர் (இன்றைய துருக்கி), அலெக்சாந்திரியாக் காசுகளில் இது சாதாரணம். பின்னாளில் யாராவது குத்திய குழியிலிருந்து பிரித்தறிய உருப்பெருக்கியில் குழியின் ஓரத்தைப் பாருங்கள். பின்னாளில் குத்தியிருந்தால் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நிற்கும், உருவத்தின் கோடுகள் வெட்டுப்பட்டிருக்கும். வில்லையிலேயே இருந்த குழி என்றால் அச்சின் அழுத்தத்தில் ஓரம் மழுங்கி, உருவம் அதன் மேலேயே சரிந்து படிந்திருக்கும்.

கழுத்தில் உள்ளது மேல்முத்திரை. புழக்கத்தில் இருந்த காசுக்கு ஒரு நகரமோ படைப்பிரிவோ புதிதாக ஒப்புதல் கொடுத்தது, அல்லது மதிப்பை மாற்றியது. கி.பி. 70-க்குப் பிறகு எருசலேமில் நிலைகொண்ட ரோமப் படைப்பிரிவான பத்தாம் லெகியன், தன் எண்ணையும் காட்டுப்பன்றி உருவத்தையும் பழைய காசுகளின் மேல் குத்தியது. வீரர்களின் கையில் எந்த ஊர்க் காசுகள் புழங்கின என்பதை இந்த முத்திரைகள்தான் காட்டுகின்றன. பதியும்போது முத்திரையின் வடிவம், மில்லிமீட்டர் அளவு, உள்ளே உள்ள எழுத்து அல்லது உருவம், எந்த முகத்தில் எந்த இடம் என்று நான்கையும் எழுதுங்கள். காசைத் திருப்பி அதே இடத்தின் பின்புறத்தையும் பாருங்கள். சம்மட்டி அடியில் அந்த இடம் தட்டையாகியிருக்கும், அதைத் தேய்மானம் என்று எண்ணிவிடக் கூடாது. காசு வழுவழுப்பாகத் தேய்ந்திருக்க, முத்திரை மட்டும் கூர்மையாக இருந்தால், நீண்டகாலம் புழங்கிய பிறகு குத்தியது என்று துணிந்து சொல்லலாம்.

சுரண்டப்பட்ட முகம் பெரும்பாலும் காரகல்லாவின் தம்பியும் இணைப்பேரரசருமான கெத்தாவாக இருக்கும். கி.பி. 211 டிசம்பரில் அண்ணன் காரகல்லா அவரைக் கொன்றபின் பெயரும் உருவமும் எங்கும் அழிக்கப்பட்டன. ஆசியா மைனரில் காரியா பகுதியின் ஸ்ட்ராத்தோனிக்கேயா நகரில் சகோதரர் இருவரும் எதிரெதிரே நோக்கும் பெரிய காசுகளில் கெத்தாவின் முகம் மட்டும் உளியால் அழிக்கப்பட்டிருக்கிறது. அரசாணை ஒரு சிறு நகரத்தின் சில்லறை வரை எப்படி இறங்கியது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது. பாதியாக வெட்டிய காசுகளுக்கும் இதே மரியாதை தர வேண்டும். தென் பிரான்சின் நெமோசுஸ் நகரம் அடித்த, பனைமரத்தில் கட்டிய முதலை உருவக் காசுகளைச் சில்லறைத் தேவைக்காக அக்காலத்திலேயே சரிபாதியாக வெட்டிப் புழங்கினார்கள்.

கேள்வி: சேகரிப்பில் உள்ள சில காசுகளில் வெளிர்பச்சைத் தூள் உதிர்கிறது. துடைத்தால் சில வாரத்தில் மறுபடி வருகிறது. களிம்பு எல்லா வெண்கலத்திலும் இருப்பதுதானே?

பதில்: இல்லை, இது வேறு. உடனே கவனிக்க வேண்டியது. கெட்டியாக, மென்பளபளப்போடு, அடர்பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும் களிம்பு காசின் கவசம். அதைவிட முக்கியம், காசின் பழைய மேற்பரப்பே பல வேளை அந்தக் களிம்பு அடுக்கில்தான் வாழ்கிறது. எழுத்தும் தலைமுடிக் கோடும் அங்கேதான் இருக்கின்றன, உள்ளே உலோகத்தில் இல்லை. வினிகர், எலுமிச்சைச் சாறு, மின்பகுப்பு எதையாவது போட்டுக் களிம்பை எடுத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மாகாண வெண்கலத்தில் ஈயம் நிறைய கலந்திருப்பதால் அமிலம் ஈயத்தையும் அரித்துப் பஞ்சாக்கிவிடும்.

நீங்கள் சொல்லும் தூளை வெண்கல நோய் என்பார்கள். மண்ணில் கிடந்தபோது புகுந்த உப்பிலிருந்து காசின் உள்ளே குப்ரஸ் குளோரைடு உருவாகித் தங்கியிருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டால் அது வெளிர்பச்சைச் செம்பு ஹைட்ராக்சி குளோரைடாக மாறுகிறது, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடுகிறது. அமிலம் புதிய செம்பைத் தின்று மீண்டும் குளோரைடு ஆக்குகிறது. வட்டம் நிற்பதே இல்லை. தூளுக்கு இடம் அதிகம் வேண்டும் என்பதால் உள்ளிருந்தே மேற்பரப்பை வெடிக்க வைக்கிறது. துடைத்தாலும் திரும்ப வருவது இதனால்தான்.

உறுதி செய்ய, ஊசி முனையில் சிறிது தூளை எடுத்து நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, சில்வர் நைட்ரேட் கரைசல் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இருக்கிறது.

முதல் மருந்து வறட்சி. சார்பு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இந்த வினை ஏறக்குறைய உறங்கிவிடும். 55-ஐத் தாண்டினால் வேகமெடுக்கும். காற்றுப்புகாத பாலிப்ரொப்பிலீன் பெட்டியில், உலர்ந்த சிலிக்கா ஜெல்லுடன், ஈரப்பதம் காட்டும் அட்டை ஒன்றையும் வையுங்கள். கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பேழைகளுக்கு வழங்கும் பொது அளவு. 10 லிட்டர் பெட்டி என்றால் 200 கிராம் வரும். ஜெல்லின் நிறம் மாறினால் 105–110 டிகிரி செல்சியசில் உலர்த்தி, ஆறிய பிறகு மீண்டும் பயன்படுத்தலாம். பெட்டியை அடிக்கடி திறப்பதுதான் இம்முறை தோற்கும் முதல் காரணம். அட்டை வெளியிலிருந்தே தெரியும்படி வைத்தால் அந்த ஆசை குறையும்.

சிகிச்சையைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள். ஆனால் என்ன செய்வார் என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. நுண்ணோக்கியின் கீழ் கூர்கத்தியால் தூளைக் குழிவரை எடுத்து, அசிட்டோனில் எண்ணெய்ப் பசையை நீக்குவார். செம்பின் அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற வேதிப்பொருளின், எத்தனாலில் கரைத்த 3 சதவீதக் கரைசலில், காற்றழுத்தத்தைக் குறைத்து, ஒரு நாள் ஊறவைப்பார். அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் நுண்துளைகளில் உள்ள காற்று கரைசலை உள்ளே விடாது. பிறகு எத்தனாலில் அலசி உலர்த்தி, அதிக ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்துச் சோதிப்பார். புதிய பச்சைப் புள்ளி எழுந்தால் முதலிலிருந்து மீண்டும் செய்வார். எழாவிட்டால் பாரலாய்டு பி-72 பிசினை மெல்லிய பூச்சாகப் பூசி முடிப்பார். பென்சோட்ரையசோல் உடலுக்குத் தீங்கானது, கையுறையும் காற்றிழுப்பானும் இல்லாமல் தொடக் கூடாது. சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைக்கும் பழைய முறை உப்பை எடுக்கும், ஆனால் களிம்பின் நிறத்தையும் தன்மையையும் மாற்றிவிடும். மாகாணக் காசுகளுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

நோய் என்ற பெயரைக் கேட்டு, பக்கத்துக் காசுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். தன்னுள் குளோரைடு இல்லாத காசுக்கு இது கிருமி போலத் தொற்றாது. ஒரே தட்டில் பல காசுகளுக்கு ஒன்றாக வந்தால், அந்தத் தட்டின் ஈரத்தைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: பழைய ஓக் மர அலமாரியும் பிளாஸ்டிக் உறைகளும் இருக்கின்றன. எதில் வைப்பது?

பதில்: இரண்டிலும் வேண்டாம், உறை எந்தப் பிளாஸ்டிக் என்று தெரியும்வரை. ஓக் மரமும் எம்.டி.எஃப். எனும் மரநார் அழுத்திச் செய்த பலகையும் அசெட்டிக், ஃபார்மிக் அமில ஆவிகளை விடும். காசில் உள்ள ஈயம் வெள்ளைத் தூளாகப் பூப்பது அதனால். மகாகனி மரம் இந்த விஷயத்தில் பாதுகாப்பானது, பழைய நாணய அலமாரிகளை அதில் செய்ததற்குப் பலன் உண்டு. பி.வி.சி. உறை நாளடைவில் பிசுபிசுத்து, காசின் மேல் பச்சைப் படலம் இடும். அறிய எளிய வழி உண்டு. செம்புக் கம்பியைத் தீயில் சிவக்கக் காய்ச்சி, உறையின் மூலையைத் தொட்டு, மீண்டும் தீயில் காட்டுங்கள். சுடர் பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது. புகையை முகர வேண்டாம், திறந்த இடத்தில் செய்யுங்கள். பாலியெஸ்டர், பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் உறைகள் நல்லவை. புதிய பொருள் எதையும் வாங்கும் முன் அருங்காட்சியகங்கள் ‘ஆடி’ (Oddy) சோதனை செய்யும். வெள்ளி, ஈயம், செம்புத் தகடுகளோடு அந்தப் பொருளை ஈரமான மூடிய குடுவையில் 60 டிகிரியில் 28 நாள் வைத்து, தகடு கறுக்கிறதா என்று பார்ப்பார்கள்.

கேள்வி: இரண்டு வேறு நகரங்களின் காசுகளில் பேரரசர் முகம் கோட்டுக்குக் கோடு ஒன்றாக இருக்கிறது. ஒன்று போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. ஆசியா மைனரில் பல நகரங்கள் ஒரே முகப்பு அச்சைப் பகிர்ந்துகொண்டதை கொன்ராட் க்ராஃப்ட் 1972-இல் விரிவாகக் காட்டினார். அச்சு வெட்டுவோர் ஊர் ஊராகப் போனார்களா, ஒரே பட்டறை பல நகரங்களுக்கு அடித்துக் கொடுத்ததா என்ற விவாதம் இன்னும் தொடர்கிறது. முகப்பு அச்சு பெரும்பாலும் பட்டடையில் பதிந்திருக்கும், பின்புற அச்சுதான் சம்மட்டி அடியை நேராக வாங்கும். அதனால் முகப்பு அச்சு நீண்ட நாள் உழைத்து அடுத்த நகரத்துக்கும் போக முடிந்தது. அந்த அச்சில் விழுந்த விரிசல் எந்த நகரத்தின் காசில் சிறியது, எதில் பெரியது என்று பார்த்தால் எது முந்தியது என்றும் தெரியும். ஆண்டு எண் இல்லாத காசுகளை வரிசைப்படுத்த இதற்கு இணையான வழி இல்லை.

போலியைப் பொறுத்தவரை விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய இணைப்புக் கோடு ஓடினால் வார்ப்பு அல்லது மின்முலாம் பிரதி. ஆனால் மாகாணக் காசுகளில் அதைவிட ஏமாற்றுவது, உண்மையான தேய்ந்த காசின் மேல் உளியால் எழுத்தையும் கோயிலையும் புதிதாகச் செதுக்கியதுதான். அச்சில் அடித்த எழுத்தின் அடியில் உலோகம் தரையிலிருந்து சரிவாக எழும்பும். செதுக்கிய எழுத்தைச் சுற்றித் தரை குழிந்து, ஒரே திசையில் கீறல்கள் இருக்கும், களிம்பும் அறுந்திருக்கும்.

கேள்வி: அழிந்துபோன கோயில்கள் காசில் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்துக் கட்டடத்தை வரைந்துவிடலாமா?

பதில்: தூண்களை எண்ணி வரைய வேண்டாம். எபேசு ஆர்த்தெமிஸ் கோயிலின் முகப்பில் எட்டுத் தூண்கள். காசுகளிலோ நான்கு, ஆறு, எட்டு என்று இடத்துக்கேற்ப வரும். நடுத் தூண்களை விலக்கி, உள்ளே இருக்கும் தெய்வத்தை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதும் வழக்கம். சிலைகளுக்கு நம்பகம் கூடுதல். ஹாத்ரியன் காலத்து எலிஸ் காசில் ஒலிம்பியா ஜூஸ் அமர்ந்திருப்பதும், காரகல்லா காலத்து க்னிதோஸ் காசில் ப்ராக்ஸித்தெலீஸின் அஃப்ரோதித்தி நிற்பதும், மூலச் சிலைகள் அழிந்துபோன நிலையில் அவற்றின் நிலையையும் கையமைப்பையும் அறிய நமக்குள்ள முக்கியச் சான்றுகள். அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கமும் அப்படித்தான். உச்சிச் சிலையும் மாடிகளின் அமைப்பும் பல காசுகளில் திரும்பத் திரும்ப ஒத்துப்போனால் நம்பலாம். ஒரே காசில் மட்டும் தெரியும் சாளரத்தை நம்ப வேண்டாம்.

கேள்வி: எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியால் காசின் உலோகக் கலவையை உடைக்காமலே அறியலாம் என்கிறார்களே?

பதில்: கருவி காட்டுவது மேற்பரப்பின் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்தை மட்டுமே. அங்கே துத்தநாகம் கரைந்து வெளியேறியிருக்கும், ஈயமும் வெள்ளீயமும் மிகுந்து தெரியும். அதனால் பித்தளைக் காசு வெண்கலம் போலத் தோன்றலாம். துத்தநாகம் கணிசமாக இருக்கிறது என்று வந்தால் பித்தளை என்று ஏற்கலாம். துத்தநாகம் இல்லை என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சதவீதங்களைப் பதிவேட்டில் ஏற்றும்போது, களிம்பின் மேல் எடுத்ததா, உலோகம் தெரியும் இடத்தில் எடுத்ததா என்று சேர்த்தே எழுதுங்கள்.